தேங்காய்ப்பால் மீனுக்குத் தூக்கிய கைகள்

பக்கத்து அறையிலிருந்து பெட்சபேயின் குரலே பெட்சபேயின் காதில் விழுந்தது.

"தேங்காய்ப்பால் மீன் வேணும்கிறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க!"

கணினியில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவள் இங்கே தன் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் குரலோ மூடிய கதவுக்கு அப்பால், இயக்குநரின் அறையில் பேசிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து பெண்களின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு கரகரத்த குரல்: "ரெண்டு கையையும் தூக்கினா ரெண்டு தட்டு கிடைக்குமா, பெட்சா?" அது சிறுவயதுத் தோழி எவுஃபேமியாவின் குரல். அவளைத் தவிர வேறு யாருக்கு அப்படிக் கேட்கத் தோன்றும்?

சட்டென்று எல்லாம் அறுந்துபோயிற்று. யாரோ ஒலியை அணைத்துவிட்டார்கள்.

"இப்ப பாருங்க," என்றது இயக்குநரின் குரல். "சத்தமே இல்லாம பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு!"

பெட்சபே எழுந்தாள். கதவைத் தட்டினாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்த அந்த அறையில் இஞ்சினியர் ரோமுலோ இசுரியெத்தா சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அலையாத்திக் காப்பு வாரியத்தின் எஸ்மெரால்டாஸ் கிளைக்கு அவர்தான் இயக்குநர். எதிரே இறால் கம்பெனியின் மேலாளர் விதேலா, காபிக் கோப்பையைத் தன் தொந்தியின்மேல் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். இருவர் கண்ணும் சுவரில் இருந்த திரைமேல். திரையில் எஸ்தேரோ ஓந்தோ கிராமத்துப் பெண்கள், சேற்றில் கைவிட்டுச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், பள்ளிக்கூடக் கூடத்தில் ஒருவர் விடாமல் கையை உயர்த்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா பெட்சா, உன்னைத்தான் கூப்பிட இருந்தேன். வெள்ளிக்கிழமை தலைநகர் கீட்டோவிலிருந்து துணைச் செயலர் அம்மா வர்றாங்க. பொதுக்கூட்டம். எனக்கு ஒரு உரை வேணும். உருக்கமா இருக்கணும். 'இதோ, இந்தக் கைகளைப் பாருங்கள்! எஸ்தேரோ ஓந்தோவின் பெண்கள் ஒருமனதாகச் சம்மதித்தார்கள்' அப்படின்னு ஆரம்பி. மிச்சத்தை நீயே கொண்டுபோயிடு."

"எதுக்குச் சம்மதிச்சாங்க, இஞ்சினியர்?"

"இறால் குட்டைக்குத்தான். வேற எதுக்கு?"

பெட்சபேக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திரையைக் கைநீட்டிக் காட்டினாள்.

"அது மதியச் சாப்பாட்டுக்குத் தூக்கின கை. நான்தான் கேட்டேன். கோழியா மீனான்னு சமையல்காரம்மாவுக்குச் சொல்லணுமேன்னு..."

"கை தூக்கினாங்களா, இல்லையா?"

"தூக்கினாங்க. ஆனா..."

"எதுக்குத் தூக்கினோம்னு கையில எழுதியிருக்கா?"

விதேலா சிரித்த சிரிப்பில் காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது. "மீனும் தண்ணியிலதான், இறாலும் தண்ணியிலதான், அம்மா. நாம ஒண்ணும் ரொம்பத் தூரம் போயிடலையே!"

பெட்சபே சிரிக்கவில்லை. அந்தத் திரையில் ஒலியில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த எவுஃபேமியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷியின் குரலைப் பிடுங்கிக்கொண்டு கையை மட்டும் விட்டுவைப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அந்தப் படம் பிடித்த அன்றைக்கு நடந்தது இதுதான். எஸ்தேரோ ஓந்தோவின் ஓடைக்கரைக் காட்டை வாரியம் பல வருஷங்களுக்கு முன்பே பெண்கள் சங்கத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. அவர்கள் காவல் காப்பார்கள், குஞ்சுச் சிப்பிகளைத் திரும்பச் சேற்றில் விடுவார்கள், பெரிதானதை மட்டும் எடுத்துப் பிழைப்பார்கள். அவர்கள் கூடிச் சம்மதிக்காமல் அந்தக் காட்டில் ஒரு வேரைக்கூட யாரும் அசைக்க முடியாது. காட்டை வெட்டிக் குட்டை தோண்ட, அந்தக் கரையில்தான் இறால் கம்பெனிக்குக் கண். சம்மதம் கேட்க வாரியம் ஒரு கூட்டம் போட்டது. காலை முழுக்கப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து 'வேண்டாம்' என்றார்கள். வேண்டாம் என்றதில் ஏசினவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு. இயக்குநர் முன்வரிசையில் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பசிக்கிறது என்றார். அப்போதுதான் பெட்சபே எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள். கோழி வேண்டுமென்று ஒருத்தியும் சொல்லவில்லை. அந்த ஊரில் எந்தப் பெண் தேங்காய்ப்பால் மீனை விட்டுவிட்டுக் கோழியைக் கேட்பாள்? எல்லாக் கைகளும் எழுந்தன. அந்தக் கலகலப்பை ஓட்டுநர் நெக்சார் கைபேசியில் பிடித்து அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டான். எங்கே போனாலும் குழுவில் படம் போட வேண்டும் என்பது இயக்குநரின் கட்டளை.

"நான் இதை எழுத மாட்டேன், இஞ்சினியர்."

இசுரியெத்தா அவளைப் பார்க்கவே இல்லை. "எழுதுவே பெட்சா. டிசம்பர்ல உன் ஒப்பந்தம் என் மேசைக்குத்தானே வரும்? குவாயாக்கில்ல உன் பொண்ணு நர்ஸ் படிப்பை முடிக்க வேண்டாமா? போ. உருக்கமா எழுது. நான் அழணும்."

பெட்சபே பிரெசியாதோவை எஸ்மெரால்டாஸ் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் வார்த்தைகளைக் கேட்காதவர்கள் இல்லை. பதினோரு வருஷமாக அந்த வாரியத்தின் வாய் அவள்தான். கடற்கரையில் ஆமை ஒதுங்கினால் வரும் அறிக்கை அவளுடையது. அமைச்சகத்துக்குப் போகும் கொள்கைக் குறிப்பு அவளுடையது. மீனவர் சங்கம் கோபமாக எழுதினால் போகும் பணிவான பதில் அவளுடையது. இயக்குநர்கள் வருவார்கள், போவார்கள். நாற்காலியின் தோல் மாறும், மேசைமேல் இருக்கும் குடும்பப் படம் மாறும். எழுதுகிறவள் மாறுவதில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும், இயக்குநரின் பெரிய கையெழுத்துக்குக் கீழே, எறும்பு போல இரண்டே எழுத்து இருக்கும்: எழுதியவரின் பெயரின் முதலெழுத்துகள். அந்த அலுவலகத்து வழக்கம் அது. பெட்சபேயின் வாழ்நாள் உழைப்புக்கு உலகம் கொடுத்த இடம் அந்த எறும்பின் அளவுதான்.

இசுரியெத்தா வந்தபிறகு அவள் வேலை இரட்டிப்பாயிற்று. அவருக்கு எழுத வராது. வராது என்பதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. மகளின் கல்யாண விருந்தில் பேசிய வாழ்த்து பெட்சபே எழுதியது. மாமனார் செத்தபோது கல்லறையில் படித்த இரங்கல்கூட அவள் எழுதியதுதான். கூட்டத்தில் நின்று அவளே அதைக் கேட்டு அழுதாள். அதைவிடப் பெரிய விஷயம், அவர் முன்கூட்டியே எதையும் வாசித்துப் பார்ப்பதில்லை. "பெட்சா எழுதினா நான் கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பேன்," என்று விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வார். அதனால் அவள் வரிகளுக்கு நடுவில் கோடுகள் போட்டுக் கொடுப்பாள். ஒரு கோடு என்றால் மூச்சு விட வேண்டும். இரண்டு கோடு என்றால் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை நகர மேயர் முன்னிலையில், "இங்கே தண்ணீர் குடிக்கவும்" என்று அவள் ஓரத்தில் எழுதியிருந்ததையும் கம்பீரமாக உரக்க வாசித்துவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் கட்டளை என்று நினைத்து எடுத்துக் குடித்தார்கள்.

அன்று ஊரே சிரித்தது. பெட்சபேயும் சிரித்தாள். இன்று அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. தனக்கென்று ஒரு சொல் இல்லாத வாய்க்குத் தன் சொற்களையெல்லாம் ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்தவள் தானே அல்லவா என்று மனம் எரிந்தது.

மாலையில் நேரே சந்தைக்குப் போனாள். எவுஃபேமியா வழக்கமான இடத்தில், ஈரச் சாக்கின்மேல் கருஞ்சிப்பிகளைக் குவித்து வைத்துக்கொண்டு, அணைந்துபோன சுருட்டை வாயோரத்தில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொசுவை விரட்டக் காட்டுக்குள் பற்றவைக்கிற சுருட்டு அது. சந்தையிலும் அவள் அதைத் துப்புவதில்லை. இருவரும் ஒரே ஓடையில் ஒரே சேற்றில் வளர்ந்தவர்கள். பெட்சபே படிக்கப் போனாள், எவுஃபேமியா சேற்றிலேயே நின்றாள். எவுஃபேமியாவின் மகளுக்கு ஞானத்தாய் பெட்சபேதான். அதனால் ஊர் வழக்கப்படி ஒருவரை ஒருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்ன கோமாத்ரே, மூஞ்சி இப்படி இருக்கு? உன் இஞ்சினியர் சம்பளத்தை முழுங்கிட்டாரா?"

பெட்சபே சொன்னாள். சொல்லச் சொல்ல எவுஃபேமியாவின் கை சிப்பிகளை எண்ணுவதை நிறுத்தியது.

"இரு, இரு. உன் மீனைத் தின்னதுக்கு எங்க காட்டைக் குடுத்துட்டோம்னு சொல்றாரா?"

"ஆமா."

"ஒரு தட்டு மீனுக்கு!" எவுஃபேமியா பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், கேட்டியா? நம்ம காட்டோட விலை ஒரு தட்டு தேங்காய்ப்பால் மீன்! அதுவும் உப்புப் பத்தலை அன்னிக்கு!" திரும்பிப் பெட்சபேயைப் பார்த்தபோது அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. "உரையை யாரு எழுதுறா?"

பெட்சபே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓ. நீயா." எவுஃபேமியா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "சரி. எழுது. நீ நல்லாத்தான் எழுதுவே. சின்ன வயசுல எனக்குக் காதல் கடிதம்கூட நீதானே எழுதிக் குடுத்தே? அந்தப் பாவி அதை நம்பி என்னைக் கட்டிக்கிட்டான். இந்தக் கடிதத்தையும் நம்புவாங்க."

"அப்படிச் சொல்லாதேடி!"

"வேற எப்படிச் சொல்றது? என் கை இது." சேறு கருத்த விரல்களை அவள் முகத்துக்கு நேரே விரித்தாள். நகத்தோரங்களில் வெட்டுக்காயங்கள் வெளுத்துக் கிடந்தன. "இதைச் சேத்துல விட்டா சிப்பி இருக்கா, பாம்பு இருக்கான்னு தெரியாது. ஆனா எதுக்கு விடுறேன்னு எனக்குத் தெரியும். எதுக்குத் தூக்கினேன்னும் தெரியும். நீ அங்க நின்னுதானே கேட்டே? உனக்கும் தெரியும். தெரிஞ்சும் நீ அதை எழுதினா, உன் ஞானமகள் முகத்துல முழிக்காதே."

பெட்சபே அழுதுவிட்டாள். சந்தை நடுவில், ஆட்கள் பார்க்க, சின்னப் பெண்ணைப்போல அழுதாள். எவுஃபேமியா அவளைத் தேற்றவில்லை. ஒரு பையில் சிப்பிகளை அள்ளிப் போட்டு அவள் கையில் திணித்தாள். "போ. போய்ச் சாப்பிடு. வெறும் வயித்துல கோபப்படாதே."

மறுநாள் பெட்சபே உரையை எழுதினாள். கைகளைப் பற்றித்தான் எழுதினாள். இவ்வளவு நாள் எழுதியதிலேயே மிக நன்றாக எழுதினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் மூச்சுக்கோடு, நிமிரும் கோடு, கையை நெஞ்சில் வைக்கும் இடம், எல்லாம் சுத்தமாகப் போட்டாள். அடியில் தன் இரண்டு எழுத்தையும் போட்டாள். அந்தத் தாளில் ஒரு பொய்கூட இல்லை. மகளின் முகம் கண்முன் வந்தது. டிசம்பர் ஒப்பந்தமும் நினைவுக்கு வந்தது. வருவது வரட்டும் என்று தாளைக் கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒளிந்து குத்துவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் நேரே போய்ச் சொன்னாள்.

"இஞ்சினியர், உரை. வாசிச்சுப் பாருங்க."

இசுரியெத்தா மடிக்கணினியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை வாங்கிக் கையில் தூக்கி எடை பார்த்தார். "கனம் சரியா இருக்கு."

"வாசிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். இது நீங்க கேட்ட மாதிரி இல்லை."

"உருக்கமா இருக்கா?"

"இருக்கு."

"கை வருதா?"

"கையைப் பத்தித்தான் முழுக்க."

"அப்புறம் என்ன? நீ எழுத மாட்டேன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், நீதான் எழுதுவேன்னு." திரையில் யாரோ கோல் போட்டார்கள். அவர் மேசையைத் தட்டிக் கத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாரியத்தின் வண்டியில் மறுபடியும் சொன்னாள். நெக்சார் ஓட்டிக்கொண்டிருந்தான். இயக்குநர் கண்ணாடியில் மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை பார்த்துடுங்க, இஞ்சினியர். இன்னும் நேரம் இருக்கு."

"பெட்சா, உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு? கல்யாணப் பொண்ணு மாதிரி படபடக்கிறே! முதல்ல பார்த்துட்டா எனக்கு உணர்ச்சி வராது. உனக்குத் தெரியாதா?"

நெக்சார் கண்ணாடி வழியாகப் பெட்சபேயைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். வாழைத்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கடமை முடிந்தது.

பள்ளிக்கூடக் கூடம் நிரம்பி வழிந்தது. துணைச் செயலர் அம்மா மலைநகரத்துக்காரி. அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாமல், வியர்வையைத் துடைத்துத் துடைத்து, பேனாவும் குறிப்பேடுமாக உட்கார்ந்திருந்தார். விதேலா புதுச் சட்டையில் வந்திருந்தார். பெண்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எவுஃபேமியா நடுவில் இருந்தாள். அவள் பெட்சபே பக்கம் திரும்பவே இல்லை. தான் என்ன எழுதியிருக்கிறாள் என்று பெட்சபே அவர்களில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவள் எழுத்துக்கு மதிப்பு என்ன?

நெக்சார் திரையில் படத்தை ஓட்டினான். ஒலி இல்லை. கைகள் எழுந்தன. விதேலா கைதட்டினார். இசுரியெத்தா உரைக் கோப்பைத் திறந்து, தொண்டையைச் செருமி, தன் அழகான குரலில் ஆரம்பித்தார்.

"எஸ்தேரோ ஓந்தோவின் பெண்களே! இதோ, உங்கள் கைகள்."

நிமிர்ந்து பார்த்தார். குனிந்தார்.

"சேற்றில் இறங்கி இந்த ஊருக்கே சோறு போடும் கைகள். பாம்பும் முள்ளும் அறிந்த கைகள். அன்று இந்தக் கைகள் ஒருமனதாக உயர்ந்தன."

மூச்சு விட்டார். குரல் தழுதழுத்தது. உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது அந்த மனிதருக்கு!

"எதற்காக உயர்ந்தன?" கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "தேங்காய்ப்பால் மீனுக்காக!"

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவருக்குக் காதில் விழவில்லை. வாசிக்கும்போது அவருக்கு எதுவுமே காதில் விழாது, தான் வாசிப்பது உட்பட.

"அன்று காலை முழுவதும் இந்தப் பெண்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இறால் குட்டை வேண்டாம் என்றார்கள். அழுதுகொண்டு சொன்னார்கள்." கையை நெஞ்சில் வைத்தார். "நானும் இங்கேதான் இருந்தேன். என் காதால் கேட்டேன்!"

இரண்டு கோடு. நிமிர்ந்தார்.

அப்போதுதான் துணைச் செயலரின் பேனா நின்றுபோயிருப்பதைப் பார்த்தார். விதேலாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தார். ஏதாவது பேசியாக வேண்டும். பேச அவரிடம் சொந்தமாக என்ன இருக்கிறது? தாளுக்குள் மறுபடி ஓடிப்போய் ஒளிந்தார். அங்கேயும் பெட்சபேதான் காத்திருந்தாள்.

"ஆகவே, கூட்டத்தின் முடிவை உள்ளது உள்ளபடியே..." என்று படித்தவர் அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லாத படத்தில் எவுஃபேமியாவின் வாய் அசைந்ததே, அதே மாதிரி.

கூடம் வெடித்தது. பெண்கள் பெஞ்சுகளைத் தட்டிச் சிரித்தார்கள், சிரித்தபடியே ஏசினார்கள். எவுஃபேமியா எழுந்து நின்றாள்.

"டேய் நெக்சார்! சத்தத்தைப் போடு! என் குரலை எனக்குக் கேட்கணும்!"

நெக்சார் இயக்குநரைப் பார்த்தான். பிறகு எவுஃபேமியாவைப் பார்த்தான். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒலியைத் திறந்தான். 'தேங்காய்ப்பால் மீன் வேணும்கிறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க!' என்று பெட்சபேயின் குரல் கூடமெங்கும் முழங்கியது. 'ரெண்டு கையையும் தூக்கினா...' என்றது எவுஃபேமியாவின் குரல்.

துணைச் செயலர் அம்மா மெல்லக் கேட்டார்: "மீனுக்கா?"

"மீனுக்குத்தான் அம்மா," என்றாள் எவுஃபேமியா. "இன்னிக்கும் அதேதான் சமைச்சிருக்கோம். நீங்களும் சாப்பிடலாம். ஆனா இந்தத் தடவை யாரும் கையைத் தூக்க மாட்டோம். வாயால கேட்டு வாங்கிக்குவோம்."

அந்த அம்மாவுக்கு உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "அப்போ நானே கேட்கிறேன். இந்த ஓடைக்கரையில இறால் குட்டை வரட்டும்னு சொல்றவங்க கையைத் தூக்கலாம்."

அந்தக் காட்சியைப் பெட்சபே சாகும்வரை மறக்கமாட்டாள். யாரும் சொல்லிவைத்ததல்ல. அத்தனை பெண்களும் தங்கள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்ததைக்கூட ஒருத்தி ஊதித்தான் விரட்டினாள்.

துணைச் செயலர் தன் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தார். "இந்தக் காடு உங்க பொறுப்பிலேயே இருக்கும். நடந்ததை இயக்குநர் எனக்கு எழுத்துல விளக்கணும். திங்கட்கிழமைக்குள்ள." பிறகு இசுரியெத்தாவின் கையிலிருந்த தாளை வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் அந்த எறும்பு எழுத்துகளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சாப்பிடப் போய்விட்டார்.

எவுஃபேமியா பெட்சபேயின் தட்டில் மீன்தலையை வைத்தாள். "இன்னிக்கு உப்பு சரியா இருக்கா, கோமாத்ரே?" என்றாள். அவ்வளவுதான். பெட்சபே ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல். பெட்சபே சமையல்மேடையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் இஞ்சினியர் ரோமுலோ இசுரியெத்தா. வண்டி இல்லை, ஓட்டுநர் இல்லை. நடந்து வந்த வியர்வை சட்டையில் ஊறியிருந்தது.

"உள்ளே வரலாமா, பெட்சா?"

வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்தும் பழக்கம் அவளுக்கு இல்லை. நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சுவரையும் தரையையும் பார்த்தார்.

"நீ என் முதுகுல குத்திட்டே."

"முன்னாடி நின்னு குடுத்தேன், இஞ்சினியர். வாசிச்சுப் பாருங்கன்னு மேசையில சொன்னேன். வண்டியிலயும் சொன்னேன்."

"நான் வாசிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்!"

"அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். குரலைத் தணித்தார். "சரி, போனது போகட்டும். கீட்டோவுக்கு விளக்கம் எழுதணும். நீ சொன்னா நம்புவாங்க. உனக்கு அன்னிக்குக் காய்ச்சல். மண்டை குழம்பி வேற ஏதோ தாளை மாத்தி வச்சுட்டே. பெண்கள் உன்னை மிரட்டினாங்கன்னும் ஒரு வரி போடலாம். உன் ஒப்பந்தத்தை நான் பார்த்துக்கறேன். சத்தியமா."

"பெண்கள் என்னை மிரட்டினாங்களா?"

"ஒரு வரிதான்."

"அவங்க குரலை அணைச்சீங்க. கையைத் திருடினீங்க. இப்ப அவங்களை ரவுடிகளாவும் ஆக்கணுமா?" பெட்சபேயின் குரல் உயர்ந்தது. கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. "பதினோரு வருஷம் இஞ்சினியர்! என் சொல்லை வாங்கி வாங்கிப் பெரிய மனுஷங்க ஆனீங்க, நீங்களும் உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும். ஒருத்தராவது இது யாரு எழுதினதுன்னு கேட்டீங்களா? கேட்க வேண்டாம். எனக்கு அது வேண்டாம். ஆனா என் சொல்லை வச்சு எங்க ஊர் வயித்துல அடிக்கச் சொன்னீங்களே, அப்ப உங்களுக்கு நாக்கு கூசலையா? ஆமா, எப்படிக் கூசும்? அது உங்க நாக்கே இல்லையே!"

அவர் தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்தார். எழுந்தார். கதவுவரை போனார். கைப்பிடியில் கைவைத்தபடி நின்றார். திரும்பியபோது அந்த முகத்தில் அதிகாரமும் இல்லை, கோபமும் இல்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த வெள்ளைத் தாளை எடுத்தார். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"நேத்து முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், பெட்சா. 'மதிப்பிற்குரிய' அதுக்கு மேல வரமாட்டேங்குது. நீ உன்மேல பழி போட வேண்டாம். யார்மேல வேணும்னாலும் போடு. எனக்கு எழுதி மட்டும் குடுத்துடு. நாளைக்கு அனுப்பணும்."

அவரைக் காப்பாற்றப் போகிற கடிதத்தையும் அவளே எழுதித் தர வேண்டுமாம்! பெட்சபேக்கு அழுகை வரும்போல் இருந்தது. சிரிப்பும் வரும்போல் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். சமையல்மேடையில் கிடந்த பேனாவை எடுத்து அவர் பையில் செருகினாள்.

"நீங்க அங்கேதான் இருந்தீங்க. உங்க காதால கேட்டீங்க. அதை எழுதுங்க, இஞ்சினியர். அடியில உங்க பேரோட முதலெழுத்தையும் சின்னதா போட மறந்துடாதீங்க."

அவர் படியிறங்கினார். வெயிலில் கொஞ்ச தூரம் போய், ஏதோ கேட்க நினைத்தவர்போலத் திரும்பினார்.

பெட்சபே கதவைச் சாத்தினாள்.